ஈசினோபில் ஏறினால் தோட்டத்துக் கதையையும் சொல்லுங்கள்

ஈப்போ கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கியதும் பலர் வெள்ளணுக்களின் மொத்தத்தை மட்டும் பார்ப்பார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை என்றால் 'நார்மல்தான்' என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். அதன் கீழே வெள்ளணு வகைகளுக்கு ஐந்து வரிகள் உண்டு. விஷயமே அங்கேதான்.

வெள்ளணு, சிவப்பணு, தட்டணு எல்லாமே எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரே மூல அணுவின் வழி வந்தவை. வளர்ந்தவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகளில் இந்த உற்பத்தி நடக்கிறது. சிவப்பணுக்கள் மட்டுமே விநாடிக்கு 20 லட்சத்துக்கு மேல் பிறக்கின்றன.

வெள்ளணுக்களில் பெரும்பங்கு நியூட்ரோபில். பாக்டீரியாவை விழுங்குவது அதன் வேலை. வைரஸை எதிர்ப்பதில் லிம்போசைட் முக்கியம். மோனோசைட் திசுவுக்குள் புகுந்து கழிவைத் தின்னும். பேசோபில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஐந்தாவதான ஈசினோபிலை 1879இல் பால் எர்லிக் அடையாளம் கண்டார். ஈயோசின் சாயத்தில் அதன் துகள்கள் செக்கச்செவேலென்று தெரியும். நூற்றுக்கு நான்கைந்துக்குள் இருக்க வேண்டியது இது. ஒவ்வாமையில் ஏறும், உடலுக்குள் புழு புகுந்தாலும் ஏறும். புழுவைக் கண்ட லிம்போசைட்டுகள் இன்டர்லூகின்-5 என்ற புரதத்தைச் சுரக்க, மஜ்ஜை ஈசினோபிலைக் கூடுதலாகத் தயாரிக்கிறது.

பேராக் ரப்பர் தோட்டங்களில் புழுவுக்குக் குறைவே இருந்ததில்லை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தார்கள். லயத்து வீடுகளில் ஒழுங்கான கழிப்பறை கிடையாது. கொக்கிப்புழுவின் குஞ்சு கால்விரல் இடுக்கில் தோலைத் துளைத்து, ரத்தம் வழியாக நுரையீரல் சேர்ந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ரத்தத்தை உறிஞ்சும். இரும்புச்சத்து தீர்ந்ததும் மஜ்ஜையால் போதிய சிவப்பணுவை உருவாக்க முடியாது. 'சோம்பேறிக் கூலி' என்று ஏச்சு வாங்கியவர்களில் எத்தனை பேர் சோகை நோயாளிகளோ!

இன்னொரு நோய் மருத்துவர்களையே குழப்பியது: இரவில் இருமல், இழுப்பு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3,000க்கு மேல் ஈசினோபில். காசநோய் என்றும் ஆஸ்துமா என்றும் தவறாக எண்ணப்பட்ட இதற்கு 1943இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் 'வெப்பமண்டல ஈசினோபிலியா' என்று பெயரிட்டார். சிங்கப்பூரில் இதை ஆராய்ந்தவர், பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவரான டி. ஜே. தனராஜ். சிங்கப்பூரில் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்களே. யானைக்கால் நோய்க்கான மருந்தான டைஎதில்கார்பமசினுக்கு இது கட்டுப்படுவதை அவர் 1958இல் எழுதினார். நுரையீரலில் சிக்கிய யானைக்கால் புழுக்குஞ்சுகளை வேலூர் மருத்துவர்கள் 1960இலும், தனராஜ் குழுவினர் 1966இலும் காட்டினார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்தை விட்டு டவுனுக்கு வந்தாயிற்று, இனி என்ன என்று கேட்கலாம். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு மனித உடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கக்கூடியது. சிறுவயதில் தோட்டத்து மண்ணில் ஏறியது அறுபது வயதிலும் இருக்கலாம். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடலெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும். அதே ஸ்டீராய்டு ஈசினோபிலைக் குறைத்துவிடுவதால் அறிக்கையும் காட்டிக்கொடுக்காது.

ஆகவே ஈசினோபில் வரியில் எண் கூடியிருந்தால் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு தொடங்குமுன், நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.