கடற்கரை வெயிலும் நம் கால்களும்

தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் பழகியவர்களிடம் சில வழக்கங்கள் ஊறிப்போயிருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டை விட்டுப் புறப்படுதல். மணலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுதல். சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு இருட்டும்வரை அமர்ந்திருத்தல். சென்னை மெரினாவுக்கு இவை மிகவும் பொருத்தமானவையே. அங்கே கடல் கிழக்கில் இருக்கிறது. மாலைச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னே, நகரத்தின் மேல் சாய்ந்துவிடுகிறான். உத்தியோகத்தின் பொருட்டு மும்பையிலோ கொல்கத்தாவிலோ புவனேசுவரத்திலோ குடியேறிய நம்மவர், இவ்வழக்கங்களை அப்படியே ஜுஹுவுக்கும் பூரிக்கும் எடுத்துச் செல்லும்போதுதான் இடர் நேர்கிறது.

ஜுஹுவில் கடல் மேற்கே இருக்கிறது. மாலை நான்கு மணி வெயில் அங்கே முகத்தில் நேராக விழும். பூரியிலோ காலைச் சூரியன் கடலின் மேலிருந்தே நம்மை நோக்கி ஏறி வருகிறான். இதனோடு இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாரத நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் வெயில் ஒன்றன்று. நம் கடிகாரம் 82½ டிகிரித் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. அதிலிருந்து ஒரு டிகிரி மேற்கே செல்லச் செல்ல, உச்சிப்பொழுது நான்கு நிமிடம் பிந்துகிறது. கிழக்கே சென்றால் முந்துகிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகச் சென்னையில் 12 மணி 9 நிமிடத்திற்கு. மும்பையில் 12 மணி 39 நிமிடத்திற்கு. பூரியில் 11 மணி 47 நிமிடத்திற்கே. பருவத்துக்கேற்ப இது கால் மணி நேரம் வரை முன்பின்னாகலாம். எனினும் ஊருக்கு ஊர் உள்ள வேற்றுமை மாறுவதில்லை.

சருமத்தைத் தாக்குவது வெயிலின் சூடு என்று பலர் நினைக்கின்றனர். சூட்டைக் காட்டிலும், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களே சருமத்துக்குப் பகை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு நாளில் நம்மீது விழும் அக்கதிர்களில் நூற்றுக்கு அறுபது பங்கேனும் உச்சிக்கு முன்னும் பின்னுமான இரண்டிரண்டு மணி நேரத்தில் வந்து சேர்கிறது. அந்த நான்கு மணி நேரம் மும்பையில் ஏறக்குறைய 10.40 முதல் 2.40 வரை, பூரியில் 9.50 முதல் 1.50 வரை. எனவே பூரியில் காலை ஒன்பதரை மணிக்கு, "இன்னும் வெயில் ஏறவில்லையே!" என்று குழந்தைகளை நீரில் விடுவது தவறான கணக்கு. பள்ளி விடுமுறையில் நாம் பயணம் செய்யும் மே மாதத்தின் நடுவில், இவ்விரண்டு ஊர்களிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறான் என்பதையும் மறத்தலாகாது.

இக்கணக்கையெல்லாம் மனத்தில் வைத்திருப்பது யாருக்கும் இயலாது, வேண்டியதும் இல்லை. நம் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமையானது. மரநிழலுக்குச் செல்ல வேண்டும். நிழல் நம்மைவிட நீண்டிருந்தால் உலாவலாம். எந்த மாநிலத்திலும், எந்தப் பருவத்திலும் பொய்க்காத கடிகாரம் இது. மேகமூட்டமான நாளில் மட்டும் இது உதவாது. மெல்லிய மேகத்தினூடே புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடும். குடை பிடித்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. உலர்ந்த மணல் நூற்றுக்குப் பதினைந்து பங்கும், கடல் நுரை இருபத்தைந்து பங்கும் அக்கதிர்களைத் திருப்பி நம்மீதே வீசுகின்றன.

"நாம் கறுத்த மேனியர், வெயில் நம்மை என்ன செய்யும்?" என்று கேட்பவர் உண்டு. கருநிறம் இயற்கை தந்த குடை என்பது மெய்தான். ஆனால் அது ஓட்டைக் குடை. கறுத்த சருமமும் வெந்துபோகும். சிவப்பு எளிதில் தெரியாது. எரிச்சலும் இறுக்கமும் சில மணி நேரம் கழித்தே தோன்றும். இதற்கு நம் மொழியில் வழங்கும் சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பே என் தொழில். 'வேனற்கட்டி' உண்டு, 'வேர்க்குரு' உண்டு. வெயிலால் தோல் வேகும் இந்நிலைக்கு எல்லோரும் அறிந்த ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. 'வெயிற்சூடு' என்று வைத்துக்கொள்வோம்.

வெயிற்சூட்டைத் தடுக்க ஆடையே முதற்கருவி. நெருக்கமாக நெய்த, முழங்கை மறைக்கும் ஆடை நன்று. நனைந்த மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் கதிர்கள் எளிதாக நுழையும். ஆகையால் குளித்தபின் ஈர உடையோடு வெயிலில் அமர்தல் கூடாது. சேலை உடுத்தும் பெண்மணிகள் பிடரியையும் இடுப்பின் பக்கத்தையும் மறந்துவிடுகின்றனர். ஆடவர் காதுமடலையும், தலை வழுக்கையானவர் அந்த வழுக்கையையும் மறந்துவிடுகின்றனர். எல்லோரும் மறப்பது பாதத்தின் மேற்புறம். ஆடை மறைக்காத இவ்விடங்களில் வெயில்தடுப்புக் களிம்பு பூச வேண்டும். எஸ்.பி.எப். 30 என்று குறித்த களிம்பு போதுமானது. ஆனால் பொட்டு வைப்பதுபோல் தொட்டுப் பூசினால் பயனில்லை. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் ஏறக்குறைய முப்பது மில்லி லிட்டர் தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்தெழுந்தவுடனும் மீண்டும் பூச வேண்டும். நம் தேங்காயெண்ணெய் உப்புநீரால் வரும் வறட்சிக்கு நல்லது. வெயிலைத் தடுக்க அதை நம்புவதற்கில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் களிம்பைவிட நிழலே தக்கது.

இனிக் கால்களுக்கு வருவோம். நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுவே.

கோடை நண்பகலில் உலர்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடேறும். அத்தகைய மணலில் கால் வைத்தவன் துள்ளி ஓடுகிறான். அந்தத் துள்ளலே அவனைக் காக்கிறது. துள்ளத் தெரியாத கால்களும் உண்டு. நெடுநாள் நீரிழிவு நோயால் பாதத்தின் நரம்புகள் உணர்விழந்தவர்களின் கால்களைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் என்று மதிப்பிட்டது. ஊரிலிருந்து மகனையோ மகளையோ பார்க்க வந்து, "பூரிக்கு ஒருமுறை அழைத்துப் போ" என்று கேட்கும் தாய் தந்தையரில் பலர் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இராமேசுவரத்தில் நீராடியவர்களுக்குப் பூரியின் மகோததியும் புனித தீர்த்தம். அங்கே செருப்போடு நடக்க அவர்கள் மனம் ஒப்புவதில்லை. சுவர்க்கதுவாரக் கரையில் வெறுங்காலுடன் நிதானமாக நடந்து செல்லும் அம்மாவைக் கண்டு, "அம்மாவுக்கு எவ்வளவு பொறுமை!" என்று நாம் வியக்கிறோம். அது பொறுமையன்று. சுடுவது அவர்களுக்குத் தெரியவில்லை. அறைக்குத் திரும்பியபின் உள்ளங்காலில் கொப்புளம் கண்டு திடுக்கிடுவோம். இந்நோய் உள்ளவர்க்கு அக்கொப்புளம் புண்ணாகி, ஆறாமல் சீழ்கொண்டு, விரலையோ காலையோ இழக்கும் நிலைக்கும் கொண்டு விடலாம்.

பக்திக்கு நாம் தடை சொல்ல வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். பூரியில் பொழுது விடிந்தவுடனே, மணல் குளிர்ந்திருக்கையில் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அலை நனைத்த ஈரமணல் வரை செருப்புடன் வந்து, அங்கே கரையில் உட்கார்ந்தபடியே செம்பால் மொண்டு நீராடலாம். குதிகாலில் வார் உள்ள செருப்பே தக்கது. பட்டை மட்டும் உள்ள ரப்பர் செருப்பை ஓர் அலை வந்து பறித்துக்கொண்டு போய்விடும். காலில் முன்னரே புண் இருந்தால் கடல்நீரில் இறங்குதலே வேண்டா. சுடுமணலில் அகப்பட்டுக்கொண்டவர்க்கு ஓர் உபாயம்: மணல் வெப்பத்தைக் கீழே எளிதில் கடத்தாது. காலால் நான்கு விரற்கடை கிளறினால் அடியில் குளிர்ந்த மணல் கிடைக்கும்.

சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குளிர்ந்த குழாய்நீரை ஓடவிட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, மஞ்சள், பேனா மை எதுவும் ஆகாது. கொப்புளத்தை உடைக்கலாகாது. நீரிழிவுடையவராயின், புண் சிறியதானாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

மேற்குக் கரையில் இருப்போர் மழைக்காலத்தில் வேறொன்றிலும் கவனம் வைக்க வேண்டும். நம் மீனவர் 'சொறி' என்று பொருத்தமாகப் பெயரிட்ட இழுதுயிரிகளும், அவற்றின் உறவான நீலநிறப் புட்டிபோன்ற உயிரிகளும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மும்பைக் கரையில் ஒதுங்குகின்றன. செத்துக் கிடப்பதும் தொட்டால் சுணைக்கும். 2013ஆம் ஆண்டு விநாயகர் விசர்ஜனத்தின்போது கிர்காம் சௌபாத்தியில் நீரில் இறங்கிய பலரைத் திருக்கை மீன்கள் முள்ளால் குத்தின. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால்தான் வாலை வீசும். ஆகவே கலங்கிய நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடியே நடந்தால் அது விலகிப்போகும்.

நீலப்புட்டி தீண்டினால் தேய்க்காமல் இழைகளை எடுத்துவிட்டுக் கடல்நீராற் கழுவி, பொறுக்கக்கூடிய வெந்நீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். திருக்கை முள்ளின் வலிக்கும் வெந்நீரே மருந்து. ஆழப் பதிந்த முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெந்நீரின் சூட்டைக் குத்துப்படாத ஒருவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடிபட்டவரின் காலை நம்பலாகாது.

கோவாவிலும் மும்பையிலும் மழைக்காலத்தில் காலில் ஒட்டும் கருந்தார் உருண்டையைத் தேங்காயெண்ணெய் தேய்த்து, பின் சோப்பால் கழுவினால் போகும். மண்ணெண்ணெய் சருமத்தைப் புண்ணாக்கும். வீடு திரும்பியதும் நல்ல நீரில் உப்பும் மணலும் நீங்கக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். பெரியவர்களின் உள்ளங்காலை இரவு படுக்குமுன் விளக்கொளியில் நீங்களே பாருங்கள். தனியே இருப்பவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் பாதத்தை உயர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். கொப்புளம் மறுநாளும் எழக்கூடும். ஆகையால் அடுத்த நாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.