கொழுந்தின் எடை எங்கிருந்து வந்தது?

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் ஒரே செடியில் பல பத்தாண்டுகள் கொழுந்து பறிக்கலாம். அத்தனை எடையும் எங்கிருந்து வருகிறது? மண்ணும் உரமும் தந்தவை என்பீர்கள். "உரம்தான் செடிக்குச் சாப்பாடு" என்று கேட்டு வளரும் தோட்டத்துப் பிள்ளைகளும் அதையே சொல்வார்கள்.

1648இல் வெளியான வான் ஹெல்மான்ட்டின் சோதனையைப் பாருங்கள். 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றினார். 5 ஆண்டுகளில் மரம் 169 பவுண்டானது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். எல்லாம் நீர்தான் என்று முடிவு செய்தார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. உலர்ந்த இலையின் எடையில் பெரும்பகுதி கரியமில வாயுவிலிருந்து வந்தது. உரம் தருவது கொஞ்சம் தாது உப்புகளே.

1997இல் வந்த அமெரிக்க ஆவணப்படம் ஒன்றில் ஹார்வர்ட், எம்ஐடி பட்டதாரிகளே இக்கேள்விக்குத் தடுமாறினர். ஒளிச்சேர்க்கையின் இலக்கணத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் பழைய எண்ணம் போய்விடாது.

ஆகவே, தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகிறவர் முதலில் தம் எண்ணத்தையே சோதித்துப் பார்க்க வேண்டும். பச்சைப்பயற்றில் ஒரு பங்கை வெளிச்சத்திலும், ஒரு பங்கை இருட்டிலும் வளர்க்கட்டும். எது எடை கூடும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். இருட்டில் வளர்ந்தது நெடுநெடுவென்று உயரும். உலர்த்தி நிறுத்தால், விதையாக இருந்தபோது இருந்த எடைகூட இராது. சேமித்த உணவைச் சுவாசத்தில் செலவழித்துவிட்டது.

இதைக் கண்ட ஆசிரியர், "உரம்தான் சாப்பாடு" என்னும் பிள்ளையைத் திருத்த அவசரப்படமாட்டார். "போட்ட உரம் எத்தனை கிலோ? பறித்த கொழுந்து எத்தனை கிலோ?" என்று கேட்பார். கொழுந்து நிறுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கிருந்தே அறிவியல் தொடங்கிவிடும்.