வெண்பனியின் வரவு செலவும் தீவகத்துச் சோளகமும்

நெடுந்தீவுக்கும் இமயமலைக்கும் இடையே சுமார் 2,000 கிலோமீற்றர். ஆனாலும் அந்த மலைகளில் மாசி, பங்குனியில் எவ்வளவு பனி கிடக்கிறது என்பது, வைகாசியில் இங்கே எழும் தென்மேற்குக் காற்றான சோளகத்தின் கணக்கிலும் சேரும்.

வெயில் கணக்கு

புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 வீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் மண் திருப்புவது ஏறத்தாழ 20 வீதம். ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 20 மெகாயூல் வெயில் என்று வைத்தால், மண்ணில் 16 தங்கும், பனியில் 4தான். ஒரு கிலோ பனி உருக 334 கிலோயூல் வேண்டும். 100 மில்லிமீற்றர் நீருக்குச் சமமான பனி, சதுர மீற்றருக்கு 100 கிலோ; உருகுசெலவு 33.4 மெகாயூல். பனியில் தங்குவது நாளுக்கு 4 மெகாயூல் என்பதால், எட்டு நாளுக்கும் மேலான வெயில் நிலத்தைச் சூடாக்காமலே தீர்ந்துவிடும்.

காற்றுக் கணக்கு

ஆசிய நிலம் சூடேறினால்தான் கடற்காற்றை உள்ளே இழுக்கும். பனி மிகுந்தால் சூடு பிந்தும், இழுவை தளரும். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்ட் 1884இல் இதை எழுதினார். 1976இல் ஆய்வாளர்கள் ஹான், சுக்லா இருவரும் செய்மதிப் படங்களைக் கொண்டு இதே தொடர்பைக் காட்டினர். எல் நீனோ எனும் பசிபிக் கடற்சூடு போன்றவையும் குறுக்கிடுவதால், இத்தொடர்பு எல்லா ஆண்டும் ஒரே அளவில் நிற்பதில்லை.

சோளகத்தின் வலு நமக்குத் தெரிவது கடலில்தான்: காற்றின் வேகம் 20 நொட்டிலிருந்து 30க்கு ஏறினால், படகில் மோதும் விசை இரண்டேகால் மடங்காகும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல்வழி. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் கூட்டம் படகேறுவதும் சோளகக் காலத்தில்தான்.

தண்ணீர்க் கணக்கு

சோளகம் தீவகத்துக்குத் தரும் மழை சொற்பம். கிணற்றை நிரப்புவது ஐப்பசி முதல் மார்கழி வரையான மழை. அப்போது ஆசிய நிலம் குளிர்ந்து, காற்று வடகிழக்கிலிருந்து வீசும் வாடையாகத் திரும்பியிருக்கும். நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். அங்கே ஒரு மில்லிமீற்றர் மழை என்பது 5 கோடி லீற்றர். தீவின் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கோட்பாட்டின்படி, நன்னீர் மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், அடியில் உவர்நீர் 4 மீற்றர் வரை ஏறும்.

மலைப்பனியைச் செய்மதிகள் அளக்கின்றன; தீவகத்துக் காற்றையும் நீரையும் நாமே அளக்க வேண்டும். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பள்ளிக்கூடங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் காற்றின் திசை, மழை, கிணற்று மட்டம் மூன்றையும் நாள்தோறும் எழுதிவைக்க வேண்டும். அதற்கு ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் அளவுகயிறும் போதும்; இந்த மாரிக்கே தொடங்குவோம்.