ஆப்பிரிக்கா அன்றும் இன்றும்: பதில் சொல்வது யார்?

ஆப்பிரிக்கா என்றதும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். அங்கே எத்தனை நாடுகள்? பாலைவனமும் காடும் தவிர வேறு என்ன இருக்கிறது? வெள்ளைக்காரன் வருவதற்கு முன் அங்கே வரலாறு என்று ஏதாவது உண்டா? என்ன மொழி பேசுகிறார்கள்? மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? எழுபது ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட கேள்விகளும் ஏறக்குறைய இவைதாம். பதில்கள் தலைகீழாக மாறிவிட்டன. அதைவிடப் பெரிய மாற்றம், பதில் சொல்லும் ஆள் மாறியது. அன்று அந்தக் கண்டத்தைப் பற்றி லண்டனும் பாரிஸும் பெர்லினும் பேசின. இன்று அக்ராவும் நைரோபியும் அடிஸ் அபாபாவும் தங்களைப் பற்றித் தாங்களே பேசுகின்றன.

எத்தனை நாடுகள்?

1945இல் ஐக்கிய நாடுகள் சபை தொடங்கியபோது அதில் இடம்பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் நான்கே: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா. இன்று 54 நாடுகள் உறுப்பினர்கள். சபையின் மொத்தம் 193இல் கால் பங்குக்கும் மேல். 1960ஆம் ஆண்டில் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றன. கடைசியாகப் பிறந்தது தெற்கு சூடான், 2011இல்.

இந்த நாடுகளின் எல்லைகளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினில் 14 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, ஆப்பிரிக்க மண்ணுக்கு யார் எப்படி உரிமை கோரலாம் என்று விதி வகுத்தார்கள். அந்த மேசையில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் கண்டம் கூறு போடப்பட்டது. சோமாலி பேசும் மக்கள் நான்கு நாடுகளில் சிதறிப்போனார்கள். காம்பியா ஓர் ஆற்றின் இரு கரைகளை ஒட்டிய ஒல்லியான நாடாக, மூன்று பக்கமும் செனகல் சூழ நிற்கிறது.

விடுதலைக்குப் பிறகு இந்தக் கோடுகளை என்ன செய்வது? 1963இல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டு கெய்ரோவில் கூடியபோது, விடுதலையின்போது இருந்த எல்லைகளை அப்படியே மதிப்போம் என்று முடிவெடுத்தார்கள். திருத்தப் போனால் ஐம்பது போர்கள் மூளும் என்பது அவர்களுக்குத் தெரியும். கோட்டைப் போட்டவர்கள் அந்நியர்கள். அதோடு வாழ்வது என்று தீர்மானித்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். அந்த அமைப்பே 2002 முதல் ஆப்பிரிக்க ஒன்றியம். அதன் முயற்சியில் உருவான கண்டம் தழுவிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் 2021 ஜனவரி 1 அன்று வணிகம் தொடங்கியது. வேகம் போதவில்லை என்றாலும் திசை தெளிவாக இருக்கிறது.

எவ்வளவு பெரியது?

பள்ளிச் சுவர்களில் தொங்கிய உலகப் படங்களில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல் 14 மடங்கு; பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். ஒன்பது இந்தியாக்களை உள்ளே வைக்கலாம். 1569இல் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக வரைந்த முறையில், துருவங்களை நெருங்க நெருங்க நிலம் பெருத்துக் காட்டும். நடுக்கோட்டை ஒட்டிய நிலம் சிறுத்துப்போகும். கப்பலோட்டிக்கு உதவிய படம் வகுப்பறைக்கு வந்தபோது ஒரு கண்டத்தையே குறுக்கிவிட்டது. பரப்பை உள்ளபடி காட்டும் படங்களையே பயன்படுத்த வேண்டும் என்ற இயக்கத்தை 2025இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரித்தது.

நைல் யாருடையது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஆட்டிப்படைத்த கேள்வி, நைல் எங்கே பிறக்கிறது என்பது. 1858இல் ஆங்கிலேயப் பயணி ஜான் ஸ்பீக் ஒரு பெரிய ஏரிக்கரையை அடைந்து, அதற்குத் தம் அரசியின் பெயரைச் சூட்டினார். கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தவர்களுக்கு அந்த ஏரி புதிதல்ல. பிறகு 1929இல் பிரிட்டனும் எகிப்தும் ஓர் உடன்பாடு செய்து, மேல்பக்கத்தில் எகிப்தின் சம்மதமின்றி நீரைத் தடுக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டன. 1959இல் எகிப்தும் சூடானும் நீரைத் தமக்குள் பங்கிட்டன. எகிப்தை அடையும் நீரில் சுமார் 85 விழுக்காட்டை அனுப்பும் எத்தியோப்பியாவுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லை.

இன்று நீல நைலின் குறுக்கே எத்தியோப்பியாவின் மறுமலர்ச்சி அணை நிற்கிறது. 2011இல் தொடங்கிய வேலை. 2025 செப்டம்பரில் திறப்பு விழா. உற்பத்தித் திறன் 5,150 மெகாவாட். கடன் பத்திரம் வாங்கியும் நன்கொடை தந்தும் எத்தியோப்பியர்கள் இதற்குப் பணம் திரட்டினார்கள். கீழ்ப்பக்கத்து எகிப்தின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. அந்த நாடு அந்த ஒரே ஆற்றை நம்பி வாழ்கிறது. காவிரி வழக்கைப் பல தலைமுறையாகப் பார்த்துவரும் நமக்கு இரு தரப்பின் நியாயமும் புரியும். ஆனால் பேச்சுவார்த்தை மேசையின் இரு பக்கமும் இன்று ஆப்பிரிக்கர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பெரிய மாற்றம்.

வரலாறு உண்டா?

இந்தக் கேள்விக்குக் கல்லிலேயே பதில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, ஜிம்பாப்வேயில் ‘பெரும் ஜிம்பாப்வே’ என்ற பழைய நகரம். 11 முதல் 15ஆம் நூற்றாண்டுவரை தழைத்தது. அதன் பெரிய சுற்றுமதிலின் நீளம் சுமார் 250 மீட்டர். உயரம் சில இடங்களில் 11 மீட்டர். செங்கல் அளவுக்கு உடைத்த கருங்கற்களை வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். இடையில் சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. மதில் உயர உயரச் சற்று உள்வாங்குவதால் கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிற்கிறது. உள்ளே தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகளும் பாரசீகக் கலத் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. இங்கிருந்து தங்கம் இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களுக்குப் போயிருக்கிறது.

1871இல் இதைப் பார்த்த ஜெர்மானியர் கார்ல் மௌக், இது விவிலியத்தில் வரும் ஷெபா அரசியோடு தொடர்புடையது என்று முடிவு கட்டினார். கறுப்பு மக்கள் இப்படிக் கட்டியிருப்பார்கள் என்பதைக் குடியேறிய வெள்ளையர்களால் ஏற்க முடியவில்லை. ஏற்றால் அவர்கள் ஆட்சிக்குச் சொன்ன நியாயம் சரிந்துவிடும். 1905இல் ராண்டால் மக்ஐவர், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்று அகழாய்வாளர்கள் இது உள்ளூர் மக்கள் கட்டியதே என்று நிறுவிய பிறகும், அந்நாளில் ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டின் வெள்ளையர் அரசு அதை மூடி மறைக்கப் பார்த்தது. 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்த நகரத்தின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அங்கே கிடைத்த மாக்கல் பறவை அதன் கொடியில் இருக்கிறது.

1960களில்கூட, ஆப்பிரிக்காவுக்கென்று வரலாறு இல்லை, அங்கே ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு என்று ஆக்ஸ்ஃபோர்டின் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் பேசினார். 1964இல் யுனெஸ்கோ தொடங்கிய ‘ஆப்பிரிக்காவின் பொது வரலாறு’ எட்டுத் தொகுதிகளாக வளர்ந்து அதற்கு மறுமொழி சொன்னது. ஜோசப் கி-செர்போ, அலி மஸ்ருயி போன்ற ஆப்பிரிக்க அறிஞர்கள் அதன் தொகுப்பாசிரியர்கள்.

கொள்ளை போன கலைச் செல்வங்களும் திரும்புகின்றன. 1897இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் அரண்மனையிலிருந்து அள்ளிச்சென்ற வெண்கலச் சிற்பங்களில் 119ஐ நெதர்லாந்து 2025இல் நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நூற்றுக்கணக்கானவை இன்னும் இருக்கின்றன. அவையும் வீடு திரும்ப வேண்டும்.

மொழியும் வாழ்க்கையும்

சுமார் இரண்டாயிரம் மொழிகள் அங்கே வழங்குகின்றன. அன்று பெரும்பாலான இடங்களில் அரசு காரியம் என்றால் ஆங்கிலம், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம். இன்றும் அவை போய்விடவில்லை. ஆனால் 2022இல் ஆப்பிரிக்க ஒன்றியம் சுவாஹிலியைத் தன் அலுவல் மொழிகளில் ஒன்றாக ஏற்றது.

1950இல் கண்டத்தின் மக்கள்தொகை சுமார் 23 கோடி. இன்று 150 கோடி. ஏறக்குறைய பாதிப் பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். அன்று மூன்று லட்சம் பேர் வாழ்ந்த லாகோஸில் இன்று ஒன்றரைக் கோடிக்கும் மேல்.

கென்யாவின் தெருமுனைப் பெட்டிக்கடையைப் பாருங்கள். நகரத்தில் வேலை செய்பவர் ரூபாய் நோட்டைப் போன்ற ஷில்லிங் தாள்களைக் கடைக்காரரிடம் கொடுக்கிறார்; பணம் அவருடைய கைப்பேசிக் கணக்கில் ஏறுகிறது. சில பொத்தான்களை அழுத்தி ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்புகிறார். அம்மா அங்குள்ள கடையில் அடையாள அட்டையைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். வங்கிக் கணக்கும் வேண்டாம், இணையமும் வேண்டாம், பழைய பொத்தான் போன் போதும். எம்-பெசா என்னும் இந்தச் சேவை தொடங்கியது 2007 மார்ச்சில். நம் யூபிஐ வந்தது 2016இல்.

துயரம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போர் லட்சக்கணக்கானோரை வீடிழக்கச் செய்தது. மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் நைஜரிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆனால் சூடானின் போர் கானாவின் போர் ஆகாது. ஒரு நாட்டின் அவலத்தைக் கண்டத்தின் முகமாகக் காட்டுவது அன்றைய பழக்கம். அதை நாம் விட வேண்டும்.

நமக்கு அது தூரத்து நிலமும் இல்லை. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்களில் தமிழர்கள் இருந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று தென்னாப்பிரிக்கக் குடிமக்கள்.

அடுத்த முறை ஆப்பிரிக்கா என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், எந்த நாடு, எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள். அந்த நாட்டுக்காரர் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். நம் பிள்ளைகளுக்கும் அப்படியே கேட்கக் கற்றுக்கொடுங்கள்.