இணையவழி மன்றப் பதிவேடு

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இதில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியையும் ஏழு நாள் சிறப்பு முகாமையும் நிறைவு செய்தால் சான்றிதழுக்குத் தகுதி பெறுவர். கோவில்பட்டியை அடுத்த சிற்றூர்க் கண்மாய் ஒன்றில் சீமைக்கருவேலத்தை அகற்றும் பணியில் மாணவி ஒருத்தி பகல் முழுதும் வெயிலில் நிற்கிறாள் எனக் கொள்வோம். அவ்வுழைப்பு பதிவேட்டில் ஒரு வரியாகிறது. அந்த வரி விடுபட்டால் உழைத்த நேரமும் கணக்கில் வராது. பொறுப்பாசிரியர் மாறுதலாகிச் செல்லும் ஆண்டில் ஏடே காணாமற்போவதும் உண்டு.

இக்குறையைக் களைய இணையவழி மேலாண்மை அமைப்பொன்றை உருவாக்கலாம். பலரும் முகப்புப் பக்கத்தின் வண்ணத்திலிருந்து தொடங்குவர். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தரவை எவ்வாறு பிரித்து வைப்பது என்பதே முதல் வினா. தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் முறையை எட்கர் காட் 1970இல் முன்வைத்தார். அம்முறைப்படி மாணவர்களுக்கு ஓர் அட்டவணை, மன்றங்களுக்கு ஓர் அட்டவணை. உறுப்பினராய் இருப்பதை எங்கே எழுதுவது? மாணவர் அட்டவணையில் ‘மன்றம்’ என ஒரு கட்டம் அமைத்தால், இலக்கிய மன்றத்திலும் நலப்பணித் திட்டத்திலும் இருப்பவரை என் செய்வது? ஒரு மாணவர் பல மன்றங்களிலும், ஒரு மன்றத்தில் பல மாணவரும் இருப்பர். ஆகவே மாணவர் எண், மன்ற எண், சேர்ந்த நாள், பொறுப்பு ஆகியவற்றைக் கொண்ட மூன்றாவது அட்டவணை தேவை. பணி நேரத்திற்கு நான்காவது. மொத்த நேரத்தை எங்கும் எழுதிவைக்கக் கூடாது. கேட்கும்போதெல்லாம் அமைப்பே வரிகளைக் கூட்டிச் சொல்ல வேண்டும். தனியே எழுதினால் கூட்டுத்தொகையும் வரிகளும் என்றேனும் முரண்படும்.

மன்றச் செயலர் வரியைப் பதிவார்; பொறுப்பாசிரியர் ஒப்புதல் அளிப்பார். ஒப்புதலுக்குப் பின் பிழை தெரிந்தால் பழைய வரியை அழிக்காமல், திருத்தியவர் பெயருடன் புதிய வரி சேர்க்கப்படும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோர் இசைவைக் கோருகிறது. எனவே வீட்டு முகவரி போன்ற தேவையற்ற விவரங்களைக் கேளாதிருப்பதே நன்று.

கரிசல் காட்டில் அலைவரிசை கிட்டாத இடங்கள் உண்டு. அங்கே பதிந்தது கைப்பேசியிலேயே தங்கி, இணைப்பு வந்ததும் சேவையகத்தை அடைய வேண்டும். ஒரே வரி இருமுறை சென்று சேராதிருக்க ஒவ்வொன்றுக்கும் தனி எண் இடவேண்டும். கைப்பேசி இல்லாத மாணவருக்கு மாதந்தோறும் அவரவர் கணக்கை அச்சிட்டுத் தரலாம். விடுபட்ட நாளை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் உழைத்தவரே.