தேறிய வயிறு மீண்டும் நலிந்தால்

கோதுமை, பார்லி முதலிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைச் சிலரது உடல் ஏற்பதில்லை. அதை உண்ண உண்ணச் சிறுகுடலின் உட்சவ்வு அழற்சியுற்றுத் தேய்கிறது. இதுவே சீலியாக் நோய். சோறுண்ணும் நம் பகுதியில் இது அரிது. 2016-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் 23,331 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கே 0.10 பேரிடமும் காணப்பட்டது. ஆயினும், சர்க்கரை நோய்க்காகச் சப்பாத்திக்கு மாறிய குடும்பங்கள் வேங்கிக்காலிலும் உண்டல்லவா?

கோதுமையை விலக்கியதும் பெரும்பாலானோர் தேறிவிடுவர். மிகச் சிலருக்கு மட்டும், பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தபின், குடற்சவ்விலுள்ள டி-செல் என்னும் வெள்ளணுக்களில் லிம்போமா என்ற புற்று தோன்றுகிறது.

நின்றிருந்த வயிற்றுப்போக்கு திரும்புதல், எடை குறைதல், வயிற்றுவலி, காய்ச்சல், இரவு வியர்வை ஆகியன இதன் அறிகுறிகள். உணவில் கோதுமை கலந்ததா என்று முதலில் ஆராய்வது முறையே. ரவை, சேமியா, மைதா மூன்றும் பெரும்பாலும் கோதுமையே. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்வதுண்டு. ஆனால் உணவில் பிழை இல்லாதபோதும், "எதையோ தின்றிருப்பார்" என்று நோயாளியைக் கடிந்தே மாதங்களைக் கழித்தல் தகாது. குடல் அடைபட்டோ துளைபட்டோ அவசர அறுவை செய்யும்போதுதான் சிலருக்கு இந்நோய் தெரியவருகிறது.

இரத்தப் பரிசோதனையால் மட்டும் இதை உறுதிசெய்ய இயலாது. வழக்கமான எண்டோஸ்கோப்பி சிறுகுடலின் தொடக்கம் வரையே செல்லும். இப்புற்றோ அதற்கு அப்பால் தோன்றுவதே மிகுதி. எனவே சி.டி., பெட் ஸ்கேன், நீண்ட குழாய் எண்டோஸ்கோப்பி ஆகியன தேவைப்படலாம். விழுங்கும் கேமரா மாத்திரையும் உண்டு. குடல் குறுகியிருந்தால் அது சிக்கிக்கொள்ளும் என்பதால் முன்னதாக ஸ்கேன் பார்ப்பர். முடிவு சொல்வது திசுச் சோதனையே. இதே அறிகுறிகள் குடல் காசநோயிலும் தோன்றும். நம் நாட்டில் காசநோயே மிகுதி. ஆகவே காசநோய் மருந்து உண்டும் உடல் தேறாவிடில், திசு மீண்டும் ஆராயப்பட வேண்டும். ஸ்டீராய்டு மருந்து லிம்போமாவைச் சிறிது காலம் மறைத்துவிடக்கூடும். முன்பே உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

வேறு மருத்துவமனைக்குச் செல்லுங்கால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. பழைய திசுச் சோதனையின் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெற்று உடன் கொண்டுசெல்லுங்கள்.