தூக்கும் முன் கணக்கைக் கேளுங்கள்

"10 டன் கிரேன், டிரான்ஸ்ஃபார்மர் வெறும் 6 டன். தாராளமாகத் தூக்கும்." வேலைத்தளங்களில் அடிக்கடி கேட்கும் இந்தப் பேச்சு உயிரைப் பறிக்கக்கூடியது. கிரேனில் எழுதியிருக்கும் டன், சுமை கிரேனுக்கு மிக அருகில் இருக்கும்போது தூக்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே.

கிரேனைச் சாய்ப்பது எடையைத் தூரத்தால் பெருக்கி வரும் திருப்புவிசை. ஹூக், ஸ்லிங், ஷேக்கிள் எல்லாம் சேர்த்துச் சுமை 6.5 டன் என்று வைத்துக்கொள்வோம். சுழலும் மையத்திலிருந்து 4 மீட்டரில் அது 26 டன்-மீட்டர். 8 மீட்டருக்கு நீட்டினால் 52. எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்பதை லோடு சார்ட் சொல்லும். அது ஆபரேட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஸ்லிங், அதாவது சுமையைக் கட்டித் தூக்கும் பெல்ட். 6 டன் பொருளை இரண்டு பெல்ட்டுகளில் நேராகத் தொங்கவிட்டால், ஒவ்வொன்றிலும் 3 டன். பெல்ட் கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் இருந்தால் சுமார் 3.5 டன், 45 டிகிரியில் 4.2, 30 டிகிரியில் முழுதாக 6 டன். '4 டன் பெல்ட் இரண்டு இருக்கிறது, 8 டன் தாங்கும்' என்ற கணக்கு 45 டிகிரியிலேயே பொய்த்துவிடும். வெடுக்கென்று தூக்கினால் விசை இன்னும் ஏறும்.

தரையையும் பாருங்கள். அரை மீட்டர் சதுரத் தட்டில் நிற்கும் அவுட்ரிகர் (கிரேனைத் தாங்கும் கால்) மீது 12 டன் இறங்கினால், சதுர மீட்டருக்கு 48 டன் அழுத்தம். அடியில் ஒரு மீட்டர் சதுரத்துக்கு உறுதியான பலகை போட்டால் அது 12 டன்னாகக் குறையும். புதிதாக மூடிய பள்ளத்தின் மீது கிரேனை நிறுத்தவே கூடாது.

2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கீழ்வீதி கோயில் திருவிழாவில், ஆட்களைத் தொங்கவிட்டிருந்த கிரேன் சாய்ந்து உயிர்கள் போயின. கிரேன் பொருளைத் தூக்குவதற்கான இயந்திரம்; ஆளைத் தொங்கவிட அல்ல.

பாதுகாப்பு விவரங்களை முதலாளியிடம் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. 2020-ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை உறுதிசெய்கிறது. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் முதலாளியிடமும் தொழில் பாதுகாப்பு ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். ஆபத்து இருப்பது உறுதியானால் முதலாளி உடனே சரிசெய்தாக வேண்டும். கிரேனின் பாதுகாப்பான சுமை அளவு, கடைசியாகப் பரிசோதித்த தேதி, சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்; நகலைப் பத்திரமாக வையுங்கள்.

விபத்தில் உயிரிழந்தால், 'அவர் கவனக்குறைவாக இருந்தார்' என்று சொல்லிக் குடும்பத்துக்கு இழப்பீட்டை மறுக்க முடியாது. கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஈ.எஸ்.ஐ. பதிவு உள்ளவர்களுக்கு அதன் வழியே உதவி கிடைக்கும்.

எடை, தூரம், ஸ்லிங் கோணம், தரை. இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் சுமையைத் தரையிலிருந்து எழுப்ப விடாதீர்கள். தொங்கும் சுமைக்குக் கீழே ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.